கதவு எண்: டிசம்பர் 3

நம்ம ஊர்ல அட்ரஸ் எழுதுற அழகே தனி. "மாரியம்மன் கோயில் எதிர்ல, தண்ணி டேங்க் பின்னாடி சந்து, பச்சைக் கலர் கேட்"னு எழுதுவாங்க. படிக்கிறவனுக்கு ஊர் தெரியும்ங்கிற நம்பிக்கையில எழுதுற அட்ரஸ் அது. ஊர் தெரியாதவன் வந்தா பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில கேப்பான். கம்ப்யூட்டர் டீக்கடையில கேக்காது. அங்கதான் ஆரம்பிக்குது தலைவலி.

2025 ஏப்ரல்ல நண்பன் ஒரு எக்செல் ஃபைல் அனுப்பிச்சான். கீழவாஞ்சூர்க்காரன். நூத்திச் சொச்சம் வரி. பேர், வயசு, அட்ரஸ், போன் நம்பர், குறிப்பு. குறிப்புல "படுக்கை", "கண் தெரியாது", "தனியா இருக்காங்க", "சக்கர நாற்காலி"ன்னு ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. புயல் வந்தா யாரை முதல்ல தூக்கணும்னு ஊர்ப்பசங்க சேந்து எடுத்த லிஸ்ட். "மாப்ள, நீ பொட்டி தட்டுறவன்தானே? இதை அப்படியே மேப்ல புள்ளி வச்சுக் குடு. ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியூர் ஆளு வந்தாலும் நேரா வீட்டுக்குப் போகணும். அரை மணி நேர வேலைதானே?"ன்னான்.

அரை மணி நேர வேலைன்னு சொல்ற கிளையன்ட்டை நாம பாக்காததா? :-)

கீழவாஞ்சூர் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: காரைக்கால்ல இருந்து தெக்க கடற்கரையை ஒட்டியே வந்தா திருமலைராயன்பட்டினம், அதைத் தாண்டினா வாஞ்சூர். இன்னும் கொஞ்சம் தள்ளி நாகூர். காரைக்கால் புதுச்சேரி மாநிலம், நாகூர் தமிழ்நாடு. கிழக்க கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு, நடுவுல ஒரு துண்டு புதுச்சேரி. 1954 நவம்பர் 1 பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை ஒப்படைச்சாங்க, சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16. ஆனா எல்லைக்கோடு அப்படியே நின்னுடுச்சு. வாஞ்சூர்ல வண்டி நம்பர் பி.ஒய். 02, நாகூர்ல டி.என். 51. ஜிஎஸ்டில இந்தப் பக்கம் 34, அந்தப் பக்கம் 33. நாகை மாவட்டத்துக்காரங்க கிட்ட வாஞ்சூர்னு சொன்னா ஒரு மாதிரி சிரிப்பாங்க. காரணம் சரக்கு விலைன்னு உங்களுக்கே தெரியும். மேப்ல வாஞ்சூர்னு தேடினா கடைங்க டாண் டாண்னு வந்து நிக்குது. விக்கிறவன் தன் கடையைத் தானே மேப்ல ஏத்திடுறான். படுத்த படுக்கையா இருக்கிற அப்பாயி எங்க ஏத்தப் போகுது?

சரி, மேட்டருக்கு வருவோம். ஃபைலைத் தொறந்தா பாதி வரி பாமினி எழுத்துருவுல. மூத்த பதிவர்களுக்கு இந்த வலி தெரியும். எழுத்துரு இல்லாத மெஷின்ல பாத்தா பூச்சி பூச்சியா இங்கிலீஷ் எழுத்து. என்.எச்.எம். கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினேன். அது பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

அடுத்து கதவு எண். 3/12னு டைப் பண்ணா எக்செல் அதை டிசம்பர் 3ன்னு எடுத்துக்கும். 4/7 ஜூலை 4. லிஸ்ட்ல கால்வாசி வீடு இப்படி காலண்டரா மாறிக் கிடந்துச்சு. இது நம்ம ஊர்க் கொடுமை மட்டும் இல்ல. மனித மரபணுக்கள்ல சிலதுக்கு மார்ச், செப்டம்பர் மாதிரி தெரியிற சுருக்கப்பேர் இருந்துச்சு. ஆராய்ச்சிக்காரங்க எக்செல்ல போட்டப்ப எல்லாம் தேதியா மாறி, கடைசியில 2020ல பெயர் வைக்கிற கமிட்டியே இறங்கி வந்து மரபணுப் பேரையே மாத்திட்டாங்க. எக்செல்லை மாத்த முடியாதுன்னு விஞ்ஞானிங்களே முடிவு பண்ணியாச்சு, நாம எம்மாத்திரம்.

அப்புறம் ஊர்ப் பேர். இங்கிலீஷ்ல "கீ"க்கு ஈ ரெண்டு போடுறவங்க உண்டு, ஐ ஒண்ணு போடுறவங்க உண்டு. "ழ"வுக்கு இசட்-ஹெச், வெறும் இசட், வெறும் எல். கடைசி "ஊர்"க்கு யூ-ஆர், ஓ-ஓ-ஆர், வெள்ளைக்காரன் தஞ்சாவூருக்கும் வேலூருக்கும் போட்ட மாதிரி ஓ-ஆர்-இ. ரெண்டு, மூணு, மூணு பெருக்கினா 18 விதம். ஒரே லிஸ்ட்ல ஏழெட்டு விதம் இருந்துச்சு. பின்கோடு பெரும்பாலும் 609606, அது திருமலைராயன்பட்டினம். சிலர் நாகூரோட 611002 எழுதி வச்சிருந்தாங்க. அப்படி எழுதினாலும் கடுதாசி வந்து சேந்துடுமாம். தபால்காரருக்கு ஆளைத் தெரியும்.

பின்கோடை வச்சு மாநிலம் கண்டுபிடிக்கலாம்னு ப்ரோக்ராம் எழுதுறவங்க இந்தப் பக்கம் வந்தா ஏமாந்துடுவாங்க. 1972 ஆகஸ்ட் 15 பின்கோடு வந்தப்போ தபால் போற வழியைப் பாத்துப் பிரிச்சாங்க, அரசியல் எல்லையைப் பாத்து இல்ல. அதனால 609ல மயிலாடுதுறையும் இருக்கு, சீர்காழியும் இருக்கு, காரைக்காலும் இருக்கு. புதுச்சேரிங்கிற ஒரே மாநிலத்தோட நாலு துண்டும் நாலு விதம். புதுச்சேரி 605, காரைக்கால் 609, மாஹே கேரளாவோட சேந்து 673, ஏனாம் ஆந்திராவோட சேந்து 533.

எல்லாம் சுத்தம் பண்ணி ஒரு ஜியோகோடிங் சேவைக்கு அனுப்பிச்சேன். (அட்ரஸைக் குடுத்தா அட்சரேகை, தீர்க்கரேகை குடுக்கிற சமாச்சாரத்துக்குத்தான் ஜியோகோடிங்னு பேரு.) புள்ளிங்க வந்துச்சு பாருங்க... ஒரு கும்பல் 130 கிலோமீட்டர் வடக்க, புதுச்சேரி நகரத்துக்குள்ள! மாநிலம்னு போட்ட "புதுச்சேரி"யை அது ஊர்ப் பேரா எடுத்துக்கிட்டு, அங்க இருக்கிற மாரியம்மன் கோயில் தெருவுல கொண்டு போய் வச்சிருச்சு. ஒரு அஞ்சாறு பேர் காட்பாடிக்குப் போயிட்டாங்க. அங்க வஞ்சூர்னு ஒரு ஊர் இருக்கு, இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு.

இதுல சிரிக்க முடியும். காட்பாடியில யாரும் புயலுக்கு ஆளைத் தேடப் போறதில்ல, பாத்த உடனே தப்புன்னு தெரியுது. பயம் வந்தது அடுத்த கட்டத்துலதான்.

அடுத்து என்ன பண்ணுவோம்? இந்தச் சதுரத்துக்குள்ளதான் தேடணும்னு எல்லை போட்டு மறுபடி ஓட்டுவோம். ஓட்டினேன். எல்லாப் புள்ளியும் சமத்தா வாஞ்சூருக்கே வந்து சேந்துச்சு. மேப்ல பாக்க அழகா இருந்துச்சு. உத்துப் பாத்தா நாப்பது வீடு ஒரே புள்ளி மேல உக்காந்திருக்கு. ஊருக்கு நடுன்னு அதுவா நினைச்ச இடம், வீடே இல்லாத இடம். கண்டுபிடிக்க முடியலன்னு அது சொல்லல. கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லி ஊர் நடுவுல குத்திட்டுப் போயிடுச்சு. 130 கிலோமீட்டர் தப்பு கண்ணுல பட்டுடும். 600 மீட்டர் தப்பு படாது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் இல்லாம, முழங்கால் தண்ணியில வெளியூர் ஆள் ஒருத்தர் நிக்கிறப்ப அந்த 600 மீட்டர்தான் எல்லாமே.

ஏன் இப்படி? இந்த முறையோட வேர் நம்ம ஊர் இல்ல. அமெரிக்காவுல 1990 சென்சஸுக்காக டைகர்னு ஒரு தெருக்கோப்பு செஞ்சாங்க. ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் இந்த முனையில 101, அந்த முனையில 199, இடது பக்கம் ஒத்தப்படை, வலது பக்கம் ரெட்டைப்படை. 150ஆம் நம்பர் வேணுமா, பாதித் தெருவுல புள்ளி வை. கணக்கு சுலபம். இந்த வழியிலதான் பல ஜியோகோடர் வளந்துச்சு. நம்ம மீனவ கிராமத்துல கதவு எண் தெரு வரிசைப்படியா வருது? வீடு கட்டினப்ப வரி போட்ட வரிசைப்படி வரும். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா 12, 12ஏ, 12பி. 12க்குப் பக்கத்து வீடு 87ஆ இருக்கும். தெருவுக்குப் பேரே இல்லாத இடத்துல தெருவுல பாதி தூரம்னு எதைக் கணக்குப் போடுறது?

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், இந்த வேலை செய்யப் போறவங்களுக்கு உபயோகப்படும். புள்ளியோட சேந்து தரமும் வரும், அதைப் பாக்காம விடாதீங்க. கூகுளோட ஜியோகோடர் நாலு தரம் சொல்லும்: ரூஃப்டாப், ரேஞ்ச் இன்டர்போலேட்டட், ஜியோமெட்ரிக் சென்டர், அப்ராக்சிமேட். கடைசி ரெண்டும் வந்தா அது வீடு இல்ல, சுத்துவட்டாரம். கூகுள் மை மேப்ஸ்ல எக்செல்லை அப்படியே ஏத்தலாம், 2000 வரி வரைக்கும் எடுத்துக்கும். ஆனா மேப்ல வந்து நிக்கிறப்ப எல்லாப் புள்ளியும் ஒரே சிவப்பு, ஒரே சைஸ். சரியா தெரிஞ்சதும் குத்துமதிப்பும் ஒண்ணு போலவே மினுக்கும்.

இதுக்கும் மேல ஒரு சிக்கல் இருந்துச்சு. அதை எந்த ஜியோகோடராலயும் தீர்க்க முடியாது.

2004 டிசம்பர் 26 காலையில எனக்கு ஏழு வயசு. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போன அன்னைக்கு எங்க பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு இங்க விரிவா எழுத வேணாம். அப்புறம் இந்தக் கடற்கரை முழுக்க கடலுக்குத் தள்ளி புதுசா வீடு கட்டிக் குடுத்தாங்க. சுனாமி நகர், சுனாமி குடியிருப்புன்னு ஊருக்கு ஊர் ஒண்ணு. ஜனங்க அங்க போயிட்டாங்க. அட்ரஸ் போகல. ரேஷன் கார்டுல, வோட்டர் கார்டுல, பேங்க் பாஸ்புக்ல பழைய தெருவே இருந்துச்சு பல பேருக்கு. ஆதார் எடுக்கும்போது வோட்டர் கார்டைப் பாத்து அதையே அடிச்சாங்க. பசங்க லிஸ்ட் எடுக்கும்போது ஆதாரைப் பாத்து எழுதிட்டாங்க. விளைவு? அட்ரஸை நூத்துக்கு நூறு சரியா கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்திருந்தா, அது புள்ளி வைக்கிற இடம் கடலோரத்து வெறும் மணல். அலை வந்தா எங்க இருக்கக் கூடாதோ அங்கேயே ஆளைத் தேடி அனுப்பும்.

நண்பனுக்கு போன் பண்ணி, "மாப்ள, இந்த அட்ரஸை வச்சு மேப் போட முடியாது, நேர்ல போகணும்"னேன். லீவு போட்டுட்டு கிளம்பினேன். நேரமும் தோதா அமைஞ்சுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில, ஆம்பளைங்க எல்லாம் ஊர்ல.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆளுங்க ஒரு மேப் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? அதுல யாரையும் அட்ரஸ் டைப் பண்ணச் சொல்லல. தெருவெல்லாம் கோடா வரைஞ்சு, தண்ணி நிக்கிற தெருவைத் தட்டுங்கன்னு விட்டுட்டாங்க. அந்த யோசனையைத்தான் சுட்டேன். முதல்ல சேட்டிலைட் படத்தைப் பாத்து சந்து பொந்தெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல வரைஞ்சேன். பெரிய பேப்பர்ல பிரிண்ட் போட்டு கோயில் மண்டபத்துல விரிச்சாச்சு. கூட்டம் கூடிடுச்சு. "இந்தச் சந்து இப்ப அடைச்சாச்சு", "இங்க ஒரு பாலம் வரையாம விட்டுட்டீங்க"ன்னு ஆளாளுக்குப் பேனாவைப் பிடுங்குறாங்க. அதிகமா சொன்னது மீன் கூடை தூக்கித் தெருத்தெருவா விக்கிற அக்கா ஒருத்தவங்க. எந்த வீட்ல யார் எழுந்து வந்து கதவைத் தொறப்பாங்க, யார் உள்ள இருந்தே குரல் குடுப்பாங்கங்கிற வரைக்கும் அவங்களுக்கு அத்துப்படி.

நண்பனோட பெரியப்பா ஓரமா உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு, "என்ன தம்பி, பாயின்ட் எடுக்கணும், அவ்வளவுதானே? பத்து அம்பது, எழுபத்தொம்பது அம்பத்தொண்ணு"ன்னார். நான் ஆடிப்போயிட்டேன். சொன்னது எங்க ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை! அப்புறம்தான் உறைச்சுது. படகுல ஜிபிஎஸ் வச்சு வலை போட்ட இடம், கல்லு இருக்கிற இடம்னு பாயின்ட் போட்டு வைக்கிறவங்க. இலங்கை எல்லை எங்கன்னு அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், தப்பினா கைது, படகும் போச்சு. அதுக்கு முன்னாடி நாகூர் தர்கா மினாராவையும் கரையில ஒரு மரத்தையும் நேர்க்கோட்டுல வச்சு இடம் பாத்த தலைமுறை. லொக்கேஷன்னா என்னன்னு அவங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போயிருக்கேன் பாருங்க, ஹி ஹி.

அவர் சொன்னது டிகிரியும் நிமிஷமும். பத்து டிகிரி அம்பது நிமிஷம். மேப்புக்கு வேண்டியது தசமம், அம்பதை அறுபதால வகுத்து 10.83. வகுக்காம 10.50, 79.51னு போட்டா புள்ளி முத்துப்பேட்டைக்கு வடக்க போயிடும். சில ஃபைல் வகையில தீர்க்கரேகை முதல்ல வரும், சிலதுல அட்சரேகை. வேணும்னே மாத்திப் போட்டுப் பாத்தேன், கீழவாஞ்சூர் எங்க போகுதுன்னு. ஆர்க்டிக் கடல்ல ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், அதோட வடமேற்கு மூலையில ஆம்ஸ்டர்டாம் தீவுக்குப் பக்கத்துக் கடல். 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க திமிங்கலம் பிடிச்சு எண்ணெய் காய்ச்சின இடம். அதே நூற்றாண்டுலதான், 1658ல, அதே டச்சுக்காரங்க போர்ச்சுக்கீசியர் கிட்ட இருந்து நாகப்பட்டினத்தைப் பிடிச்சாங்க. ரெண்டு காலத்தை மாத்திப் போட்டதுக்கு இவ்வளவு சரித்திரம் கிடைக்குது.

கடைசியில வேலை நடந்தது இப்படி. ரெண்டு ரெண்டு பேரா பசங்க கிளம்பி, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு போன்ல லொக்கேஷன் எடுத்து எக்செல்ல ரெண்டு காலம் சேத்தாங்க. அஞ்சு தசம இடம் போதும், ஒரு மீட்டர் கணக்குக்கு வந்துடும். போன் ஜிபிஎஸ் அவ்வளவு துல்லியம் இல்லைங்கிறது வேற விஷயம், ஓட்டுக்கூரை நெருக்கமா இருக்கிற சந்துல நாலஞ்சு மீட்டர் தள்ளி விழும். அதை பேப்பர் மேப்பை வச்சு சரி பண்ணோம். நாங்க இதுல இருக்கும்போதே, மே மாசக் கடைசியில, தபால் துறை டிஜிபின்னு ஒண்ணு வெளியிட்டாங்க. நாடு முழுக்க நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் 10 எழுத்துக் குறியீடு. தமிழ்நாடா புதுச்சேரியான்னு அது கேக்கவே கேக்காது, எங்களை மாதிரி எல்லைக்காரனுக்கு அதுவே பெரிய நிம்மதி. அதையும் ஒரு காலமா சேத்துட்டேன்.

பழைய அட்ரஸை அழிக்கல. "தண்ணி டேங்க் பின்னாடி சந்து, பச்சைக் கேட்"டை அப்படியே வச்சு, புள்ளியைத் தட்டினா அதுதான் முதல்ல வர்ற மாதிரி பண்ணியிருக்கேன். வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடுறது புள்ளி, எந்த வாசல்னு சொல்றது அந்த வரி.

இன்னொரு விஷயத்துல நண்பனோட சண்டையே வந்துச்சு. லிங்க்கை வாட்ஸாப் குரூப்புல போட்டுடலாம்னான். எக்செல்லை ஒட்டினா நிமிஷத்துல மேப் குடுக்கிற இலவசத் தளங்க நிறைய இருக்கு, பலதுல லிங்க் கிடைச்ச யாரும் பாக்கலாம். யோசிச்சுப் பாருங்க, "72 வயசு, தனியா இருக்காங்க, காது கேக்காது"ன்னு வீட்டு வாசலோட புள்ளி வச்சு ஊருக்கே குடுத்தா அதை முதல்ல உபயோகிக்கிறவன் யாரு? அதனால ரெண்டா பிரிச்சேன். சந்து, பாலம், தண்ணி ஏறாத மேடு, பாதுகாப்பு மையம் இதெல்லாம் யூமேப்ல, யார் வேணா பாக்கலாம். (யூமேப் பிரெஞ்சுக்காரங்க செஞ்சது. போயும் விட மாட்டேங்கிறாங்க.) வீட்டுப் புள்ளிங்க மட்டும் க்யூஜிஸ்ல, ஊர்ல ரெண்டு லேப்டாப்ல. கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பஞ்சாயத்தார் கேட்டாங்க, நியாயமான கேள்வி. லேமினேட் பண்ணின பிரிண்ட் ரெண்டு, பூட்டின அலமாரியில. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா வந்தப்ப எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம்னு டெல்டாக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்ப லிஸ்ட்ல ஒன்பது வரிக்கு இன்னும் புள்ளி இல்ல. பாதிப் பேர் மகளோட, மகனோட வெளியூர் போய் தங்கியிருக்காங்க, வருவாங்களா தெரியல. குத்துமதிப்பா எதையும் வைக்காம காலியாவே விட்டிருக்கோம். மேப்புக்குக் கீழ அந்த ஒன்பது பேரும் பேரா மட்டும் இருக்கு, "கேட்டுப் போகவும்"னு.

புள்ளியெல்லாம் வச்சு முடிச்சப்புறம் வந்த முதல் திருத்தம் ஒரு வரியை எடுக்கச் சொல்லி. மீன்கார அக்காதான் நண்பன் மூலமா சொல்லி அனுப்பிச்சாங்க.

பி.கு: கதவு எண் காலத்தை டைப் பண்றதுக்கு முன்னாடியே டெக்ஸ்ட்னு மாத்திடுங்க. டைப் பண்ணி முடிச்சுட்டு மாத்தினா, 3/12 இருந்த இடத்துல 45994ன்னு ஒரு வீடு நிக்கும். 1900 ஜனவரி 1ல இருந்து எக்செல் எண்ணின நாள் கணக்கு அது. அந்த நம்பர்ல வாஞ்சூர்ல வீடு கிடையாது, விசாரிச்சாச்சு.